பாட்டு வேறு, பின்னணி இசை வேறு: இளையராஜாவை வைத்து ஒரு தொடக்க விளக்கம்

மினிபஸ்ஸில் ஏறினால் இளையராஜா பாட்டு. கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போதும் அவருடைய பாட்டு. "அவரின்ரை பி.ஜி.எம். மாதிரி ஆராலும் போடேலாது" என்று அடித்துச் சொல்பவரிடம், எந்த பி.ஜி.எம்., அதாவது எந்தப் பின்னணி இசை, என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு பாட்டின் நடுவில் வரும் வயலினையோ கிட்டாரையோ வாயால் வாசித்துக் காட்டுவார். அது பின்னணி இசை இல்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் வாத்திய இசைக்குப் பெயர் இடையிசை. அது பாட்டின் ஒரு துண்டு.

இன்னும் இரண்டு தவறான எண்ணங்கள் எங்கும் உலாவுகின்றன. சோக ராகம் போட்டால் சனம் அழும் என்பது ஒன்று. இசை எவ்வளவு சத்தமாக வருகிறதோ அவ்வளவு உணர்ச்சி ஏறும் என்பது மற்றது. இவை சரியென்றால் எந்த இசையமைப்பாளரும் யாரையும் அழவைத்துவிடலாம். அப்படி நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். ராகம், தாளம் படித்திருக்க வேண்டியதில்லை.

சேலையும் சட்டையும்

பாட்டு ஒரு சேலை மாதிரி. நீளம் முதலிலேயே முடிவாகியிருக்கும். உடுப்பவர்தான் அதற்கேற்ப மடித்துக் கட்டுவார். பாட்டு முதலில் பதிவாகும். பிறகு அந்தப் பாட்டை ஓடவிட்டு, அதற்கேற்பப் படம் பிடிப்பார்கள்.

பின்னணி இசை அளவெடுத்துத் தைக்கும் சட்டை. படப்பிடிப்பு முடிந்து, காட்சிகளை வெட்டி ஒட்டி, வசனமும் பதிந்த பிறகுதான் படம் இசையமைப்பாளரிடம் வரும். அந்தக் கட்டத்தில் ஒரு வினாடியைக்கூட அவர் நீட்டவோ குறைக்கவோ முடியாது. கதாநாயகி 14 வினாடி மௌனமாக நின்றால் அந்த 14 வினாடிக்குள்தான் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். இந்த வேலையைத் தமிழ்த் திரையுலகில் 'ரீ-ரெக்கார்டிங்' என்பார்கள். பேரைக் கேட்டு, பழைய பாட்டைத் திரும்பப் பதிவதாக நினைக்க வேண்டாம். காட்சிக்குப் புதிதாக இசை எழுதிச் சேர்ப்பதே அது.

இரண்டும் வெவ்வேறு தொழில் என்பதை விருதுகளும் ஒப்புக்கொள்கின்றன. 2009 ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்திய தேசிய விருதுகளில் பாடல் இசைக்கு ஒரு விருது, பின்னணி இசைக்கு இன்னொரு விருது. பின்னணி இசைக்கான விருது 'பழசிராஜா' படத்துக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. 1976 இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கியவர், ஆயிரம் படங்களைத் தாண்டிவிட்டார். ஒவ்வொரு படத்திலும் நாம் முணுமுணுப்பது நாலைந்து பாட்டு. படம் முழுக்க விரிந்து கிடக்கும் மற்ற இசை நம் காதில் விழுகிறது. ஆனால் அதற்கு ஒரு பேர் வைத்து நாம் கதைப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த மற்ற இசையைப் பற்றியது.

இதுவரை: பாட்டுக்கேற்பப் படம் எடுக்கப்படுகிறது. பின்னணி இசை, எடுத்து முடித்த படத்துக்கேற்ப எழுதப்படுகிறது.

பாண் ஓட்டோ சொல்லும் பாடம்

ஒழுங்கையில் பாண் ஓட்டோ வருகிறது. இலங்கையில் பல பாண் ஓட்டோக்கள் போட்டுக்கொண்டு வரும் மெட்டு, 'ஃபர் எலிஸ்' என்று பீத்தோவன் பியானோவுக்கு எழுதியது. அந்த மெட்டுக்குள் பாணும் இல்லை, பணிஸும் இல்லை. ஆனாலும் அது கேட்டவுடன் சின்னப் பிள்ளை காசு கேட்டு அம்மாவிடம் ஓடுகிறது. மெட்டும் பாணும் நாள்தோறும் சேர்ந்தே வந்ததால் காது இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துவிட்டது.

கல்யாண வீட்டில் கெட்டிமேளமும் அப்படித்தான். தாலி கட்டும் நேரம் நாதஸ்வரமும் தவிலும் ஒரேயடியாக எழும். மணவறையைக் காணமுடியாத சமையற்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பவருக்கும் என்ன நடக்கிறது என்று தெரியும். பெண்ணின் தாய் அந்த நொடியில்தான் கண் கலங்குவார். கெட்டிமேளம் சோக இசை இல்லை. எழுச்சியான, வேகமான இசை. கண்ணீர் வந்தது அந்த ஒலி திறந்துவிட்ட நினைவுகளால். மகளைப் பெற்றது, வளர்த்தது, இனி அனுப்பப்போவது எல்லாம் அதற்குள் இருக்கிறது.

பின்னணி இசையின் அடிப்படைப் பொறிமுறை இதுதான். மெட்டு தன்னந்தனியே யாரையும் அழவைப்பதில்லை. அழுகைக்கான காரணத்தைக் கதை முன்கூட்டியே சேர்த்துவைக்கிறது. இசை அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் திறப்பு. கல்யாண வீட்டில் பெட்டகம் நிறைய 25 வருடம் எடுக்கும். படத்தில் இரண்டரை மணித்தியாலத்துக்குள் நிரப்பித் திறக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் வேலை முழுவதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

விதைத்துப் பின் அறுப்பது

ஒரு ஆளுக்கோ உறவுக்கோ இடத்துக்கோ கட்டிவிட்டு, படம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் சிறு மெட்டை அடையாள மெட்டு என்போம். எங்கள் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு, அதாவது ஆடும் அரங்குக்கு, வரும்போது அதற்குரிய 'வரவு' பாடப்படும். சினிமாவில் இது இன்னும் ஒரு படி போகிறது: ஆள் திரையில் இல்லாதபோதும் மெட்டு மட்டும் வந்து அவரை நினைவூட்டும்.

1991 இல் வந்த 'தளபதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறுபெண் தான் பெற்ற குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். 'சின்னத்தாயவள்' என்ற தாலாட்டு அங்கேதான் நமக்குள் விதைக்கப்படுகிறது. அதில் மூன்று பொருள்கள் ஒன்றாகக் கட்டப்படுகின்றன: தாய், பிள்ளை, ரயில். பிறகு பிள்ளை வளர்ந்து ஆளாகிறான். ஒரு கோவிலில் தாயும் மகனும் ஒருவரை ஒருவர் அறியாமல் நிற்கையில் ரயில் கூவுகிறது. இருவர் முகமும் மாறுகிறது. பின்னணியில் வருவது அதே தாலாட்டு மெட்டு.

இந்த இடத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். தாய்க்கு அவன் மகன் என்று தெரியாது. மகனுக்கு அவள் தாய் என்று தெரியாது. திரையில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்க்கிற எங்களுக்கு மட்டும் இசை அதைச் சொல்கிறது. 'உன் அம்மா பக்கத்திலேதான் நிற்கிறா' என்று எங்களுக்குக் கத்த வேண்டும் போலிருக்கும்; கத்த முடியாது. அந்த இயலாமைதான் தொண்டையை அடைக்கிறது. அதே மெட்டை இந்தப் படம் பார்க்காத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "வடிவான மெட்டு" என்பார். அழமாட்டார்.

நல்ல அடையாள மெட்டுக்குச் சில இலக்கணங்கள் உண்டு. அது சிறியதாக இருக்க வேண்டும்: முதல் ஐந்தாறு சுவரத்திலேயே ஆள் யாரென்று பிடிபட வேண்டும். விசிலில் அடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பெரிய இடத்தில் பயன்படுத்துவதற்கு முன் ஒரு முறையாவது முழுமையாக, அதற்குரிய முகத்தோடு சேர்த்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். பிறகு அதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்தால் உச்சக்கட்டத்தில் அதற்கு மதிப்பு இராது.

இதுவரை: முதலில் மெட்டை ஒரு பொருளோடு கட்டு. பிறகு அந்தப் பொருள் வலிக்கும் இடத்தில் அவிழ்.

ஒரு சுவரம் இறங்கினால்

அதே மெட்டை அப்படியே திரும்பப் போட்டால் நினைவு வரும். ஆனால் காலம் ஓடியிருக்கிறது, ஏதோ இழக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாது. அதற்காக மெட்டை அடையாளம் தெரியும் அளவுக்கு வைத்துக்கொண்டு எதையாவது மாற்றுவார்கள். இது விளங்க ஒரு சின்ன கீபோட்டோ ஆர்மோனியமோ போதும். கைப்பேசிச் செயலி என்றாலும் சரி.

ஸ என்பதை 'சி' கட்டையில் வையுங்கள் (இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை). சி, டி, ஈ, ஜி, ஏ என்ற ஐந்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் அது மோகன ராகத்தின் ஏறுவரிசை: ஸ, ரி, க, ப, த. வெளிச்சமான ஒலி. இப்போது நடுவிலுள்ள 'ஈ' கட்டையை விட்டுவிட்டு, அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையை வாசியுங்கள். மற்ற நாலும் அப்படியே இருக்கட்டும். மாறியது காந்தாரம், அதாவது 'க', ஒன்றுதான், அதுவும் அரைச் சுருதி. வருவது சிவரஞ்சனி ராகம். திருமண வீட்டில் விளக்கை அணைத்த மாதிரி இருக்கும். முதற்பாதியில் மோகனத்தில் கேட்ட மெட்டு, பின்பாதியில் காந்தாரம் இறங்கி வந்தால் 'அதே ஆள்தான், ஆனால் பழைய ஆள் இல்லை' என்று காது தானாகப் புரிந்துகொள்ளும்.

மெட்டையே தொடாமலும் மாற்றலாம். இரண்டுக்கு மேற்பட்ட சுவரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பதற்குப் பெயர் கோர்ட். சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்: வீட்டுக்கு வந்து சேர்ந்த நிம்மதி. இப்போது சியையும் ஈயையும் பிடித்தபடி, ஜியை மட்டும் விட்டு ஏயை அழுத்துங்கள். ஒரு விரல்தான் நகர்ந்தது. நிம்மதிக்குள் ஒரு ஏக்கம் புகுந்துவிட்டது. மேலே பாடும் மெட்டு 'சி'யிலேயே நின்றால்கூட அதன் பொருள் மாறிவிடும். இளையராஜா நம் நாட்டுப்புற மெட்டையும் கர்நாடக ராகத்தையும் எடுத்து, அடியில் மேற்கத்திய முறையில் இப்படிக் கோர்ட்களை நகர்த்துவார். மெட்டு எங்கள் ஊர்ப் பெண்ணாகவே இருக்கும். அடியில் நிலம் நகர்ந்துகொண்டிருக்கும். அவர் இசையில் அடிக்கடி வரும் அந்தப் 'பேர் சொல்லத் தெரியாத உணர்ச்சி' பெரும்பாலும் இந்த நகர்விலிருந்து பிறக்கிறது என்பது எங்கள் துணிபு.

வாத்தியம் மாறுவது, வேகம் மாறுவது இன்னும் இரண்டு வழிகள். 'நாயகன்' படத்தின் 'தென்பாண்டிச் சீமையிலே' மெட்டு குரலில் வரும்போது தாலாட்டு. வாத்தியத்தில் தனித்து வரும்போது இரங்கல். இரண்டும் ஒரே மெட்டு.

ஆகவே 'சோக ராகம்' என்ற பேச்சில் பாதிதான் உண்மை. சிவரஞ்சனியைத் தொடக்கம் முதல் முடிவு வரை போட்டுக்கொண்டிருந்தால் காது அதற்குப் பழகிவிடும். வெளிச்சம் இருந்த இடத்தில் அது வரும்போதுதான் சுடும்.

24 சட்டங்களின் கணக்கு

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன. ஃபிலிம் காலத்தில் 1,000 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம். இரண்டரை மணித்தியாலப் படம் என்றால் 13, 14 சுருள். இசையையும் சுருள் சுருளாகவே பதிந்தார்கள்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மகன் வாசலில் நிற்கிறான். இசை தொடங்கிச் சரியாக 20 ஆவது வினாடியில் தாய் கதவைச் சாத்துகிறாள். கதவு சாத்தும் நொடியில் தாளத்தின் முதல் அடி விழ வேண்டும். நிமிடத்துக்கு 72 அடி என்ற வேகத்தை எடுத்தால் ஒரு அடிக்கு 20 சட்டம் (ஒரு நிமிடத்தில் ஓடும் 1,440 சட்டத்தை வேகத்தால் வகுத்தால் போதும்). 20 வினாடிக்கு 480 சட்டம். ஆக 24 அடி. நாலடித் தாளத்தில் அது சரியாக 6 சுற்று. ஏழாம் சுற்றின் முதல் அடியில் கதவு சாத்தும். 70 என்ற வேகத்தில் எழுதியிருந்தால் 20 ஆவது வினாடி இரண்டு அடிகளுக்கு நடுவில் விழும். கதவு ஒரு பக்கம், இசை ஒரு பக்கம் நிற்கும். ஏன் ஒட்டவில்லை என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் காட்சி நெஞ்சில் ஒட்டாது.

வேகம் பிசகாமலிருக்க வாத்தியக்காரர்களின் ஹெட்போனில் கடிகாரம் போல ஒரு ஒலி ஓடும். அதுதான் கிளிக். இளையராஜா காட்சியைப் பார்த்து, வாத்தியத்தைத் தொடாமல் நேரே இசைக்குறிப்புத் தாளில் எழுதுபவர். வயலின்களுக்கு என்ன, புல்லாங்குழலுக்கு என்ன, பேஸ் கிட்டாருக்கு என்ன என்று எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கும். உதவியாளர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைப் பிரித்துப் படியெடுப்பார்கள். கலைஞர்கள் பார்த்து வாசிக்கப் பதிவாகும். அந்த வேகத்தால்தான் இத்தனை படம் சாத்தியமானது. தேடிப் பார்த்துத் தடவி வாசிப்பவருக்கு ஒரு சுருளுக்கே நாட்கள் போய்விடும்.

வசனத்துக்கு வழிவிடுதல்

இதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். ஆள் கதைக்கும்போது வயலினும் புல்லாங்குழலும் நடு இடத்தில் ஓடியாடினால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்கிற மாதிரி இருக்கும். அதனால் வசனத்தின் கீழ் செலோ, டபிள் பேஸ் போன்ற அடி ஒலி வாத்தியங்களில் நீண்ட சுவரங்களைப் பிடித்துவைப்பார்கள். அசையாமல் நிற்கும் ஒலியைக் காது கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டுச் சொல்லைப் பிடிக்கும். வசனம் நிற்கும் இடைவெளியில் புல்லாங்குழல் நாலு சுவரம் சொல்லிவிட்டு ஒதுங்கும்.

இசை இல்லாத இடம்

பொங்கும் பானையின் மூடியைத் திறப்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது. கெட்ட செய்தி வரும் அந்தச் சொல்லோடு சேர்த்தே இசையைத் தொடங்கினால், செய்தியைப் பாத்திரம் உணர்வதற்கு முன் நாங்கள் உணர்ந்துவிடுகிறோம், காட்சி பொய்யாகிவிடும். செய்தி விழுந்து, முகம் அதை வாங்கி, மூச்சு ஒன்று போன பிறகு இசை வந்தால் அது அந்த முகத்திலிருந்து வருவது போலிருக்கும். சில காட்சிகளில் இசை வரவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் இசை சட்டென்று நிற்பதும் ஒரு சொல்தான். இளையராஜாவின் பின்னணி இசையில் நாம் மதிக்கவேண்டிய முதல் விடயம் அவர் எங்கே வாசிக்காமல் விட்டார் என்பதே.

இதுவரை: என்ன மெட்டு என்பது பாதி. எந்த நொடியில் வருகிறது, எந்த நொடியில் போகிறது என்பது மற்றப் பாதி.

எங்கள் குறும்படங்களில் எங்கே பிழைக்கிறது

யாழ்ப்பாணத்தில் இப்போது நிறையப் பேர் குறும்படம் எடுக்கிறார்கள். பார்க்கும்போது ஒரே வகைப் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, தொடக்கம் முதல் முடிவு வரை பியானோ. 12 நிமிடப் படத்தில் 11 நிமிடம் இசை ஓடினால் காது அதை மின்விசிறிச் சத்தமாக எடுத்துக்கொள்ளும். உச்சக்கட்டத்தில் ஒலியைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இராது. 12 நிமிடத்துக்கு நாலு நிமிட இசை தாராளம்.

இரண்டாவது, முகம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை வயலினும் சொல்வது. தாய் வாய்விட்டு அழும் காட்சியில் அழும் வயலின் தேவையில்லை. அவர் அழாமல் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் காட்சிக்குத்தான் அது தேவை.

மூன்றாவது, இணையத்திலிருந்து எடுத்த ஆயத்த இசை. உரிமைப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, அதை வேறு யாருடைய காட்சிக்கோ அளவெடுத்திருக்கிறார்கள். உங்கள் கதவு சாத்தும் நொடி அதற்குத் தெரியாது. மருதனார்மடத்திலுள்ள யாழ். பல்கலைக்கழக இசைப் பிரிவில் படித்து வெளிவந்த வயலின்காரர் ஒருவரை அழைத்து, ஆறு சுவரத்தில் ஒரு மெட்டை மூன்று விதமாக வாசிக்கச் சொல்லுங்கள்: நடுத்தர வேகத்தில், பாதி வேகத்தில், காந்தாரத்தை இறக்கி. ஒரு அறையில், ஜன்னலைச் சாத்திப் பாய் விரித்துப் பதிந்தால்கூட அது உங்கள் படத்துக்கே உரிய இசை.

நாலாவது, ஒலி அளவு. எல்லா ஒலிகளையும் அளவாகக் கலக்கும் மிக்சிங் வேலையில், வசனத்தை விட இசையை 12 முதல் 15 டெசிபெல் தாழ்த்தித் தொடங்குங்கள். பிறகு காட்சிக்கேற்பக் கூட்டலாம். ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். கைப்பேசி ஸ்பீக்கரிலும் கோவில் திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கரிலும் செலோ, பேஸ் போன்ற அடி ஒலிகள் அநேகமாகக் காணாமல் போய்விடும். உங்கள் காட்சி முழுவதும் அந்த அடி ஒலியில் நின்றால் கைப்பேசியில் பார்ப்பவருக்கு இசையே இல்லை. அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே, அதாவது ஸ இருந்த இடத்தில் மேல் ஸ வரும்படி, இன்னொரு வாத்தியத்திலும் மெல்லியதாகச் சேர்த்துவிடுங்கள்.

காதைப் பழக்குதல்

1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் எல்லாருக்கும் தெரியும். அப்போது வானொலியில் வரும் 'ஒலிச்சித்திரம்', அதாவது படமில்லாமல் படத்தின் ஒலி மட்டும், எத்தனையோ பேருக்குப் பின்னணி இசையைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தது. அதே வழியைத்தான் இப்போதும் சொல்கிறோம்.

நன்றாகத் தெரிந்த ஒரு படத்தில் பத்து நிமிடத்தைத் தெரிந்தெடுங்கள். முதல் தரம் ஒலியை அணைத்துப் பாருங்கள். இரண்டாம் தரம் கண்ணை மூடிக் கேளுங்கள். மூன்றாம் தரம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஒரு கொப்பியில் நாலு கோடு போட்டு எழுதுங்கள்: இசை தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்த வாத்தியம், அப்போது திரையில் யார். அடையாள மெட்டு ஒன்று திரும்ப வந்தால் அடியில் கோடிடுங்கள். முதலில் எங்கே கேட்டீர்கள் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். பிறகு நாலாம் தரம், வசனம் முடிந்ததிலிருந்து இசை தொடங்கும் வரையுள்ள வினாடிகளை மட்டும் எண்ணுங்கள். ஒரு இடத்தில் அரை வினாடி, இன்னொரு இடத்தில் மூன்று வினாடி என்று அது காட்சிக்குக் காட்சி மாறுவதைக் கொப்பியின் முதற்பக்கம் நிறைவதற்குள் காண்பீர்கள்.